வீட்டிற்கு ஒரு கணிப்பொறி: பணத்தை எதில் போடுவது?

வீட்டு வரவு செலவைப் பற்றிய இந்தப் பகுதிக்கு அண்மையில் வந்த கடிதங்களில் ஒரே கேள்வி பல கைகளில் எழுதப்பட்டு வந்திருக்கிறது. பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டான், அல்லது பெண் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். வீட்டிற்குக் கணிப்பொறி வேண்டுமென்கிறார்கள். கடையில் ஆயத்தமாக இருப்பதை வாங்குவதா? பாகங்களைத் தனித்தனியே வாங்கி நாமே பூட்டிக்கொள்வதா? பூட்டுவதானால் எந்தப் பாகத்தில் எவ்வளவு போடுவது? கேட்பவர்களில் பெரும்பாலோர் மாதச் சம்பளக்காரர்கள். நாற்பதாயிரமோ ஐம்பதாயிரமோ அலுவலகக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் எடுத்துத் தரப்போகிறவர்கள். அத்தொகை தவறான பொருளில் போய்விட்டால் அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு இன்னொரு தொகை கிடைக்காது. ஆகவே இம்மாதப் பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்குகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பொறியியல் கற்றவன் அல்லன். பத்தாம் வகுப்போடு ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன். ஒரு சீட்டில் எழுதியிருப்பதை இன்னொரு சீட்டோடு ஒத்துப் பார்ப்பதே என் தொழில். கணிப்பொறிப் பாகங்கள் வாங்குவதற்கு வேண்டிய திறமையில் முக்கால் பங்கு அதுதான் என்பது என் அபிப்பிராயம். மீதிக் கால் பங்கிற்கு ஒரு திருப்புளி போதும்.

இன்னொன்று. பிள்ளை வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கப்போகிறான் என்றால் இதை மேலே படிக்கவேண்டாம்; மடிக்கணினி வாங்கிக் கொடுங்கள். வீட்டில் ஒரே இடத்தில் இருந்து, வீட்டார் நால்வரும் பயன்படுத்தி, எட்டுப் பத்து ஆண்டுகள் உழைக்கவேண்டிய பொறியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆயத்தமாக வரும் பெட்டியும் நாம் பூட்டும் பெட்டியும் செய்யும் வேலை ஒன்றே. வேற்றுமை, பழுதான நாளில்தான் தெரியும். பெயர்பெற்ற நிறுவனங்களின் சிறு பெட்டிகள் பலவற்றில் மின்சாரம் வழங்கும் பாகமும் மதர்போர்டும் அந்த நிறுவனத்தின் தனி அளவுக்குச் செய்யப்பட்டவை. ஒன்று கெட்டால் வெளியில் வாங்கிய பாகம் பொருந்தாது. நாம் பூட்டியதிலோ கெட்ட பாகத்தை மட்டும் கழற்றிவிட்டு, எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும் பொதுவான பாகத்தைப் போட்டுக்கொள்ளலாம்.

அது எவ்வாறு சாத்தியமாயிற்று என்பதை ரயில் பாதையைக் கொண்டு விளக்குவது எனக்கு எளிது. பம்பாயிலிருந்து அகலப் பாதையில் சென்னை சென்டிரலுக்குப் போய் இறங்கி, மூட்டை முடிச்சுகளுடன் எழும்பூருக்கு ஓடி, அங்கே மீட்டர் பாதை வண்டி பிடித்துத் தென் மாவட்டங்களுக்குச் சென்ற காலம் நம்மில் மூத்தவர்களுக்கு மறந்திராது. ஒன்றின் அகலம் 1676 மி.மீ.; மற்றொன்று 1000 மி.மீ. எவ்வளவு உயர்ந்த எஞ்சினானாலும் அளவு வேறுபட்ட பாதையில் ஓர் அடி நகராது. 1992இல் ஒரே பாதைத் திட்டம் தொடங்கிய பிறகே இந்தத் தொல்லை படிப்படியாகக் குறைந்தது. கணிப்பொறித் தொழிலுக்கும் அத்தகைய ஒரு பொது அளவு வாய்த்தது. 1981இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் சொந்தக் கணிப்பொறியைப் பெரும்பாலும் பிறர் செய்த பாகங்களைக் கொண்டே அமைத்தது. மற்ற நிறுவனங்கள் அதைப் பின்பற்றிப் பாகங்கள் செய்தன. 1995இல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்ற அளவுத் திட்டத்தை வெளியிட்டது. திருகு எங்கே வரும், எத்தனை ஊசி கொண்ட மின்கம்பி எங்கே செருகும் என்பதெல்லாம் அதில் வரையறுக்கப்பட்டுள்ளன. அதனாலேயே ஒரு நிறுவனத்தின் பலகையை மற்றொரு நிறுவனத்தின் பெட்டியில் இன்று நாம் பூட்ட முடிகிறது.

ஆனால் எல்லாவற்றிற்கும் ஒரே பாதை என்று எண்ணிவிடக் கூடாது. பிராஸஸர் அமரும் சாக்கெட்டில் மட்டும் பாதைகள் பலவாக இருக்கின்றன. ஏ.எம்.டி. நிறுவனத்திற்கு 2016இல் வந்த ஏ.எம்.4 ஒன்று, 2022இல் வந்த ஏ.எம்.5 மற்றொன்று. இன்டெலுக்கு 2021இல் வந்த 1700 என்னும் சாக்கெட். 2024இல் வந்த 1851. ஒன்றிற்குரிய பிராஸஸர் மற்றொன்றில் அமராது. ராமும் அவ்வாறே: ஏ.எம்.4 பலகைக்கு டி.டி.ஆர்.4; ஏ.எம்.5க்கும் 1851க்கும் டி.டி.ஆர்.5. 1700 சாக்கெட்டில் மட்டும் இரண்டு வகைப் பலகையும் உண்டு. ஆகையால் எது என்று பலகையின் பெட்டியில் பார்த்தே வாங்கவேண்டும். மாற்றி வாங்கினால் செருகும் இடத்தில் உள்ள வெட்டே பொருந்தாது, அழுத்தினால் உடையும்.

ஆகவே பட்டியலில் முதலில் எழுதவேண்டியது பிராஸஸர், சாக்கெட், ராம் ஆகிய மூன்றும் ஒத்த ஒரே வரி. அதற்கும் முன்னால், இந்தப் பொறி என்ன வேலை செய்யப்போகிறது என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசி முடிக்கவேண்டும். கடைக்குப் போய் அதை முடிவு செய்பவர் கடைக்காரருடைய வேலைக்கான பொறியைத்தான் வாங்கி வருவார்.

நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் இவைதாம்: பாடக் குறிப்பு, இணைய வகுப்பு, டேலி கணக்கு, பைத்தான் போன்ற மொழிகளில் நிரல் எழுதிப் பழகுதல், பயணச்சீட்டுப் பதிவு, ஊரிலுள்ள பாட்டியுடன் முகம் பார்த்துப் பேசுதல். இவற்றுக்கு நாலு உள்ளகம் கொண்ட கோர் ஐ3-12100 போதும். ஆறு உள்ளகம் கொண்ட ஐ5-12400, அல்லது ஏ.எம்.டி.யின் ரைஸன் 5 5600ஜி இருந்தால் தாராளம். இவை புதியன அல்ல. 2021, 2022ஆம் ஆண்டுகளில் வந்தவை. ஆயினும் மேற்சொன்ன வேலைகளுக்கு இவற்றின் வேகம் குறையாகத் தோன்றாது. பையன் கட்டடக்கலையோ திரைப்படத் தொகுப்போ படிக்கிறான் என்றால் கணக்கு வேறு; அப்போது கல்லூரியில் எந்த மென்பொருளைப் பயிற்றுவிக்கிறார்கள் என்று கேட்டு, அந்த மென்பொருள் நிறுவனம் வெளியிட்டுள்ள தேவைப் பட்டியலைப் பார்த்தே வாங்கவேண்டும்.

இந்த இடத்தில் நம்மவர் பலர் ஏமாறும் ஒரு தந்திரத்தைச் சொல்லவேண்டும். "ஐ7 பிராஸஸர், பதினாறு ஜி.பி. ராம், விலையோ மிகச் சகாயம்" என்று விளம்பரம் வருகிறது. ஐ3ஐ விட ஐ7 உயர்ந்தது என்பது ஓரளவு தெரிந்த விஷயமாகையால் மனம் மயங்குகிறது. எந்த ஐ7 என்று கேளுங்கள். ஐ7-2600 என்றால் அது 2011ஆம் ஆண்டின் சரக்கு. ஐ7-3770 என்றால் 2012. கோட்டிற்குப் பின் வரும் எண்ணில் கடைசி மூன்று இலக்கத்தை மூடிவிட்டுப் பாருங்கள், மிஞ்சுவது தலைமுறை. 12100 என்பதில் மிஞ்சுவது 12. 3770இல் மிஞ்சுவது 3. பன்னிரண்டாம் தலைமுறை ஐ3, மூன்றாம் தலைமுறை ஐ7ஐ எளிதில் முந்திவிடும். அன்றியும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்கு முற்பட்ட இன்டெல் பிராஸஸர்களை, மிகச் சில நீங்கலாக, ஏற்பதில்லை. சகாய விலை ஐ7 வாங்கியவர் முதல் நாளிலேயே பழைய பாதையில் நிற்கிறார்.

எண்ணின் வாலில் உள்ள எழுத்தையும் பார்க்கவேண்டும். இன்டெலில் எஃப் என்று முடிந்தால் படம் காட்டும் பகுதி அதில் இல்லை. தனியே கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினாலன்றி மானிட்டரில் ஒன்றும் தெரியாது. ஏ.எம்.4 வகையில் ஜி என்று முடிபவற்றில் அப்பகுதி உண்டு. 5600 என்று வாலில்லாமல் இருந்தால் இல்லை. சில நூறு ரூபாய் குறைகிறதே என்று எஃப் வாங்கி வந்து, வீட்டில் இருண்ட திரையைப் பார்த்துக்கொண்டிருந்த குடும்பங்கள் உண்டு.

மதர்போர்டில் அதிகம் தேட வேண்டியதில்லை. வீட்டிற்கு மைக்ரோ ஏ.டி.எக்ஸ். அளவு போதும், அது 244 மி.மீ. சதுரத்துக்குள் அடங்கும். எம்.2 செருகிடம் ஒன்றாவது இருக்கட்டும். ராம் செருகிடம் நாலு இருந்தால் நல்லது. இரண்டே இருந்தாலும் குடிமுழுகிவிடாது. பழைய சாக்கெட்டில் பின்னால் வந்த பிராஸஸரைப் போடும்போது பலகையிலுள்ள பயாஸ் அதற்கு ஏற்பப் புதுப்பிக்கப்பட்டதா என்று கடையிலேயே கேட்டு, புதுப்பிக்கச் செய்து வாங்குவது உசிதம். "பிற்காலத்தில் பிராஸஸரை மட்டும் மாற்றிக்கொள்வேன், அதற்காகப் புதிய சாக்கெட்டே வேண்டும்" என்று சொல்லி வாங்குகிறவர் பலர், உண்மையில் மாற்றுகிறவர் மிகச் சிலர். கையில் பணமிருந்தால் ஏ.எம்.5 வாங்குங்கள். இல்லையெனில் பழையதற்காக வெட்கப்படவேண்டாம்.

ராம் விலையைப் பற்றி இப்போது எதையும் உறுதியாக எழுத இயலாது. 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சில மாதங்களுக்குள் அது இரு மடங்குக்கும் மேல் ஏறிற்று. செயற்கை நுண்ணறிவுக்காக எழுப்பப்படும் பெருநிலையங்களுக்கு நினைவகச் சில்லுகளைக் கொடுப்பதில் ஆலைகளுக்கு லாபம் மிகுதி. ஆகவே வீட்டுப் பொறிகளுக்கு வரும் சரக்கு சுருங்கிற்று. வாங்கும் நாளின் விலையை இரண்டு மூன்று கடைகளில் விசாரித்துக்கொள்ளவும். பதினாறு ஜி.பி. நல்ல அளவு, அதை எட்டு எட்டாக இரண்டு குச்சிகளாக வாங்கினால் இரு பாதையில் போக்குவரத்து நடக்கும். பணம் போதாவிட்டால் இன்று ஒரு எட்டு வாங்கி, அதே வகையில் இன்னொன்றைத் தீபாவளிக்கு வாங்கிக்கொள்ளலாம். வேற்றுமை விளையாட்டுகளில் தெரியும். கணக்கு எழுதுவதில் தெரியாது.

சேமிப்புக்கு எஸ்.எஸ்.டி.யே வேண்டும். சுழலும் பழைய வகை ஹார்டு டிஸ்க் நொடிக்குச் சுமார் 150 மெகாபைட் தருமிடத்தில் சாட்டா எஸ்.எஸ்.டி. 500க்கு மேல் தருகிறது; எம்.2 செருகிடத்தில் அமரும் என்.வி.எம்.இ. வகை 2000, 3000 என்று போகிறது. ஐந்நூறு ஜி.பி. உள்ள ஒன்று போதும்.

இனி, நான் இந்தக் கட்டுரையை எழுதப் புகுந்த காரணத்திற்கு வருகிறேன். நம் குடும்பங்கள் மிகக் குறைவாகச் செலவிடும் பாகம் எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கி. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டுகளாக மாற்றி ஒவ்வொரு பாகத்துக்கும் பகிர்ந்து கொடுப்பது அது. பெட்டிக்குள் மறைந்து கிடப்பதால் எவரும் பார்ப்பதில்லை. கேபினெட் வாங்கினால் இலவசமாகத் தருகிறார்கள் என்றால் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்கிறோம்.

எங்கள் குடியிருப்பில் ஓர் அன்பர் அப்படித்தான் வாங்கினார். பிராஸஸர் உயர்ந்தது, கேபினெட்டில் வண்ண விளக்குகள் ஆறு, எஸ்.எம்.பி.எஸ். மட்டும் இலவசம். ஒன்றரை ஆண்டு ஓடிற்று. ஒரு ஜூலை மாதத்து மழை மாலையில் மின்சாரம் போய், வந்து, மறுபடி போய், வந்தது. பெட்டியிலிருந்து கருகல் நாற்றம் எழுந்தது. எஸ்.எம்.பி.எஸ். போனதோடு நிற்கவில்லை, மதர்போர்டும் எஸ்.எஸ்.டி.யும் உடன் போயின. எஸ்.எஸ்.டி.யில் அவர் மகள் இறுதியாண்டுக்காக நாலு மாதம் எழுதிய திட்ட அறிக்கை இருந்தது. அவருடைய காலஞ்சென்ற தாயாரின் படங்களும் இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லை. கடைக்காரர், "மின்சாரத்தின் குற்றத்துக்கு நான் என்ன செய்வேன்?" என்று கைவிரித்தார். நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கும் இலவசத்துக்கும் இடையே அவர் மிச்சம் பிடித்தது ஆயிரத்தைந்நூறு ரூபாய். அந்தப் பெண் இருபது நாள் இரவு பகலாக அறிக்கையைத் திரும்ப எழுதிக் கொடுத்தாள். படங்களுக்கு அவ்வாறு செய்ய வழியில்லை.

நல்லதை எப்படி அறிவது? பக்கவாட்டில் ஒட்டியுள்ள சீட்டைப் படிக்கவேண்டும். பெரிய எழுத்தில் 450 வாட் என்று இருப்பதை விட்டுவிடுங்கள். கீழே சிறு கட்டத்தில் 12 வோல்ட் என்ற தலைப்பின் கீழ் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதைப் பன்னிரண்டால் பெருக்குங்கள். 36 ஆம்பியர் என்றால் 432 வாட். பெரிய எழுத்துக்கு ஏறக்குறைய சமம், நேர்மையான சீட்டு. 16 ஆம்பியர் என்றால் 192 வாட்தான்; 450 என்பது பெயருக்கு. இக்காலத்துப் பிராஸஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் 12 வோல்ட்டையே பெரும்பாலும் உண்கின்றன. மற்ற வோல்ட்டுகளில் எவ்வளவு இருந்தாலும் அவற்றுக்குப் பயனில்லை. அடுத்தபடியாக, மின்னழுத்தம் மிகுந்தாலோ, சுமை மிகுந்தாலோ, குறுக்கு மின்னோட்டம் ஏற்பட்டாலோ தானே நின்றுவிடும் காப்புகள் உண்டா என்று பெட்டியில் பாருங்கள். 80 பிளஸ் என்ற முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதைக் குறிப்பது. தரத்துக்கு அது ஒன்றே சாட்சி அன்று. ஆயினும் முத்திரையே இல்லாததை வாங்காதீர்கள். மேற்சொன்ன பிராஸஸர்களைக் கொண்ட வீட்டுப் பொறி, தனிக் கிராஃபிக்ஸ் கார்டு இல்லாதவரையில், முழு வேகத்தில் ஓடும்போதும் 150 வாட்டைத் தாண்டுவது அரிது. ஆகவே நேர்மையான 450 வாட் பிற்காலத் தேவைக்கும் சேர்த்துப் போதும். பொய்யான 650 வேண்டாம்.

எஸ்.எம்.பி.எஸ். எவ்வளவு நல்லதானாலும் சுவரிலுள்ள மூன்றாம் துளையில் எர்த் கம்பி உண்மையாகவே இணைந்திருக்கவேண்டும். பழைய சால்களிலும் குவார்ட்டர்ஸ்களிலும் துளை மட்டும் இருக்கும். எலெக்ட்ரீஷியனை அழைத்து ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். யு.பி.எஸ். வாங்குவோர் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பெயரைச் சொல்லி, இரண்டும் ஒத்துப்போகுமா என்று கேட்டு வாங்கவும். மலிவான யு.பி.எஸ். தரும் கரடுமுரடான அலையைச் சில எஸ்.எம்.பி.எஸ்.கள் ஏற்காமல் நின்றுவிடுவதுண்டு.

கேபினெட் காற்றோட்டமுள்ளதாக, முன்பக்கம் வலை போட்டதாக இருந்தால் சரி. கண்ணாடியும் விளக்கும் உங்கள் விருப்பம், ஆனால் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பங்கிலிருந்து எடுத்து வாங்கவேண்டாம். கிராஃபிக்ஸ் கார்டு இப்போது தேவையில்லை. பையன் அழுதாலும், ஓராண்டு கழித்துப் பார்க்கலாம் என்று சொல்லுங்கள். செருகிடம் எங்கும் ஓடிவிடாது. பழைய கார்டு சகாயமாகக் கிடைத்தால் அதன் பூர்வ சரித்திரத்தை விசாரிக்கவும். 2022 செப்டம்பரில் எதிரியம் நாணயத்திற்குக் கார்டுகளைக் கொண்டு சுரங்கம் வெட்டும் முறை முடிவுற்றபின், இரவு பகலாக உழைத்துக் களைத்த கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன.

பட்டியலில் பலர் எழுத மறப்பவை சில உண்டு. மடிக்கணினிக்குக் கண்ணும் காதும் உடன் பிறந்தவை. மேசைக் கணிப்பொறிக்கு இல்லை. இணைய வகுப்புக்கு வெப்கேமராவும் ஒலிவாங்கியும் தனியே வாங்கவேண்டும். மலிவான பலகைகளில் வைஃபை இராது. அதற்கு ஒரு சிறு செருகியோ, நீண்ட லேன் கம்பியோ வேண்டும். விண்டோஸுக்கு விலை உண்டு. உபுண்டு போன்ற லினக்ஸ் இலவசம். இரண்டிலும் தமிழ்99 விசை அமைப்பில் தமிழ் எழுதலாம். மராத்தியிலும் ஹிந்தியிலும் படிக்கும் நம் குழந்தைகளுக்கு அதை இந்தச் சாக்கிலாவது பழக்கிவிடுங்கள். படங்களின் பிரதியை வைக்க வெளியில் இணைக்கும் டிஸ்க் ஒன்று. இவ்வளவுக்கும் மானிட்டருக்கும் முதலிலேயே தொகை ஒதுக்கிவிட்டு, மீதியைத்தான் பெட்டிக்குள் போகும் பாகங்களுக்குப் பங்கிடவேண்டும்.

வாங்கும் இடம்: பம்பாய்வாசிகளுக்கு லாமிங்டன் சாலை. டாக்டர் பட்கம்கர் மார்க் என்று பெயர் மாறிப் பல காலமாகியும், முற்கால கவர்னர் பெயரே வாயில் நிற்கிறது. கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கிக் கிழக்குப் பக்கம் நடந்தால் வந்துவிடும். டில்லி அன்பர்களுக்கு நேரு பிளேஸ், கல்கத்தாவில் சாந்தினி சௌக், பெங்களூரில் எஸ்.பி. ரோடு. ஊருக்குப் போகும்போது வாங்க எண்ணுவோருக்குச் சென்னையில் ரிச்சி தெரு. முதல் நாள் விலை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு திரும்பிவிடுங்கள். "ஸெட்டாக" எடுத்தால் தள்ளுபடி என்பார்கள். ஒவ்வொரு பாகத்தின் பெயரும் எண்ணும் விலையும் தனித்தனியே எழுதித் தராத ஸெட் எதையும் ஏற்காதீர்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு எதிரே வெறுமே "450 வாட்" என்று மட்டும் எழுதியிருந்தால் அது நாம் மேலே பார்த்த இலவசந்தான்.

பில் இல்லாமல் வாங்கினால் பதினெட்டு சதவீத வரி மிச்சம் என்பார்கள். நம்மைப் போல் மாற்றலுக்கு உட்பட்டவர்கள் இதில் விழவே கூடாது. பாகத்தைச் செய்த நிறுவனம் தரும் உத்தரவாதம், பெரும்பாலும் மூன்று ஆண்டு, அந்நிறுவனத்தின் சேவை நிலையம் உள்ள எந்த ஊரிலும் செல்லும். "கடை உத்தரவாதம்" அந்தக் கடை வாசலோடு சரி. இன்று தாதரில் இருப்பவர் அடுத்த ஆண்டு புஸாவலிலோ நாகபுரியிலோ இருக்கலாம். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் வரிசை எண்ணையும் எழுதச் செய்து, பெட்டியிலுள்ள எண்ணோடு அங்கேயே நின்று ஒத்துப் பாருங்கள். அட்டைப் பெட்டிகளைப் பரணில் வைத்திருங்கள். மாற்றல் வரும்போது பாகங்களைக் கட்டவும் அவை வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை லாமிங்டன் சாலையில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை காலையில் செல்லவும். வாங்கிய பாகங்களைப் பூட்டும் முறையை, எந்தத் திருகை முதலில் முடுக்குவது என்பது உட்பட, அடுத்த இதழில் எழுதுகிறேன். அதற்குள் பட்டியல் எழுதி முடித்தவர்கள், பணம் கட்டுவதற்குமுன் சரிபார்க்க விரும்பினால், சங்க அலுவலக முகவரிக்கு அனுப்பலாம்.